ஒரே மாணவர், இரண்டு பதிவுகள்

ஓர் உயர்நிலைப்பள்ளியின் தமிழ்மொழி மன்றம், பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவுக்கு ஒரு மரபுடைமைப் பயணம் ஏற்பாடு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் தேக்கா நிலையத்தில் பசியாறுதல். பிறகு கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம். அதன்பின் சிராங்கூன் சாலையில் ஒரு நடை. பேருந்தில் 40 இருக்கைகள். மன்றத்து மாணவர்களே இணையத்தில் ஒரு படிவத்தை உருவாக்கிப் பள்ளி முழுவதற்கும் அனுப்புகிறார்கள். இரண்டே நாளில் 40 பதிவுகள் வந்துவிடுகின்றன. "இடங்கள் நிரம்பிவிட்டன" என்று படிவம் மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கேட்டு வந்த ஆறு மாணவர்களை ஆசிரியர் வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறார்.

பயண நாளன்று பேருந்தில் ஏறியவர்கள் 34 பேர். பதிந்துகொண்ட எவரும் வராமல் இருந்துவிடவில்லை; எல்லாரும் வந்திருந்தார்கள். பட்டியலில் இருந்த 40 பதிவுகளும் உண்மையில் 34 பேருடையவைதாம். ஆறு பதிவுகள் இரட்டிப்பு. வர விரும்பிய ஆறு பேர் வகுப்பறையில் இருக்க, ஆறு இருக்கைகள் காலியாகவே லிட்டில் இந்தியாவுக்குச் சென்று திரும்பின.

யாரும் ஏமாற்றவில்லை. கணினியும் பழுதாகவில்லை. பின் எப்படி இது நடந்தது? ஆறு பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், மூன்று விதமான காரணங்கள் தெரியவரும்.

முதல் மூன்று பதிவுகள், "அனுப்பு" என்ற பொத்தானை இருமுறை தட்டியதால் வந்தவை. மாணவர் ஒருவர் பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தோபி காட் நிலையத்தைத் தாண்டி லிட்டில் இந்தியா நிலையத்தை நோக்கி ரயில் சுரங்கத்தில் செல்லும்போது பொத்தானைத் தட்டினார். திரையில் எந்த மாற்றமும் இல்லை. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் தட்டினார். நீங்களும் இப்படிச் செய்திருப்பீர்கள்.

பொத்தானைத் தட்டியதும் என்ன நடக்கிறது? உங்கள் திறன்பேசி, நீங்கள் நிரப்பிய விடைகளையெல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி, வேறோர் இடத்தில் இருக்கும் சேவைக் கணினிக்கு அனுப்புகிறது. அந்தக் கணினி தன் தரவுத்தளத்தில் ஒரு புதிய வரிசையைச் சேர்த்து, விடைகளை அதில் எழுதி, வரிசைக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பிறகு, "பதிவு செய்துவிட்டேன்" என்ற மறுமொழியை அனுப்புகிறது. அந்த மறுமொழி வந்து சேர்ந்தால்தான் உங்கள் திரை மாறும்.

ஆக, இங்கே இரண்டு பயணங்கள் இருக்கின்றன. விடைகள் போகும் பயணம் ஒன்று. மறுமொழி வரும் பயணம் இன்னொன்று. சுரங்கத்தில் இணைப்பு அறுந்தால் இவற்றுள் எது தொலைந்தது என்று திறன்பேசிக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களின் நிலையும் இதுதான். கடிதம் வரவில்லை என்றால், பணம் போய்ச் சேரவில்லையா, அல்லது பணம் சேர்ந்து பதில் கடிதம்தான் வழியில் தொலைந்ததா என்று அவர்களால் அறிய முடியாது. விடைகள் தொலைந்திருந்தால் மீண்டும் அனுப்பியே ஆகவேண்டும். மறுமொழி தொலைந்திருந்தால் மீண்டும் அனுப்புவது இரட்டிப்பை உண்டாக்கும். செய்ய வேண்டியவை நேர் எதிரானவை. ஆனால், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்!

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒருமுறை தட்டியதும் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி, மறுபடி தட்ட முடியாதபடி செய்துவிடலாம். பல படிவங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால், பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பவரை அது தடுக்காது. விடைகள் உண்மையிலேயே தொலைந்துபோனவருக்கு அது இடைஞ்சலாகவும் ஆகிவிடும்.

இதைவிட நல்ல வழியைப் புரிந்துகொள்ள, உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியை நினைத்துப் பாருங்கள். அவசரத்தில் இருப்பவர் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் மின்தூக்கி ஒருமுறைதான் வரும். உணவங்காடிக் கடையில் அப்படி இல்லை. "அண்ணே, ஒரு தே" என்று இரண்டு முறை குரல் கொடுத்தால் மேசைக்கு இரண்டு கோப்பைகள் வந்துவிடலாம். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான். இணையத்தில் கேட்கும் செயல்கள் மின்தூக்கியைப் போன்றவை. ஒரு பக்கத்தை எத்தனை முறை கேட்டுப் பெற்றாலும் எதுவும் மாறாது. இவ்வகைக் கோரிக்கைக்குக் கணினித் துறையில் 'கெட்' என்று பெயர். படிவத்தை அனுப்புவது பெரும்பாலும் 'போஸ்ட்' என்ற வகையைச் சேர்ந்தது. இது தேநீர் கேட்பதைப் போன்றது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உண்டாக்கும். தேநீர்க் கடையை மின்தூக்கியாக மாற்றுவதுதான் படிவம் செய்பவரின் வேலை.

அதைச் செய்ய, படிவம் திறக்கப்படும்போதே அதற்குள் ஒரு தனி எண்ணை மறைத்து வைத்துவிடுவார்கள். வங்கியில் வரிசை எண் எடுப்பதைப் போல, படிவத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண். பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் அதே எண்தான் விடைகளோடு போகும். சேவைக் கணினி, "இந்த எண்ணில் ஏற்கெனவே எழுதிவிட்டேனா?" என்று பார்க்கும். எழுதியிருந்தால் புதிய வரிசையைச் சேர்க்காமல், பழைய மறுமொழியையே திரும்ப அனுப்பும். சுரங்கத்தில் இருக்கும் மாணவர் கவலையின்றி இன்னொரு முறை தட்டலாம். பணம் செலுத்தும் செயலிகள் இந்த முறையைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. பேருந்தில் ஓர் இருக்கை வீணாவதோடு போகட்டும். ஒருவர் கணக்கிலிருந்து வாடகைப் பணம் இருமுறை போனால் அந்த மாதம் என்ன ஆவது?

நான்காவது பதிவின் கதை சற்று வேறு. அந்த மாணவிக்கு "நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது" என்ற செய்தி வந்துவிட்டது. அதே பக்கத்தை மறுநாள் மீண்டும் ஏற்றியபோது, உலாவி அதே விடைகளை இரண்டாம் முறை அனுப்பிவிட்டது. "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று அது கேட்டிருக்கும், அவர் படிக்காமலேயே சரி என்று தட்டியிருப்பார். சேவைக் கணினி, பதிவை எழுதியவுடன் நன்றிப் பக்கம் ஒன்றுக்கு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. எத்தனை முறை ஏற்றினாலும் நன்றிப் பக்கம் மட்டுமே திரும்ப வந்திருக்கும்.

மீதியுள்ள இரண்டு பதிவுகள்தாம் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பவை. அவை பொத்தானால் வந்தவை அல்ல, பெயரால் வந்தவை. மகன் பள்ளியில் பதிந்துகொண்டார். அது தெரியாத அம்மா வீட்டிலிருந்து மகனுக்காக இன்னொரு முறை பதிந்தார். மகன் தம் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அம்மா, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, 'எஸ்/ஓ' என்று போட்டுத் தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். பார்க்கும் நமக்கு இரண்டும் ஒருவரே என்று புரிகிறது. கணினிக்கு அவை இருவேறு எழுத்துத் தொடர்கள். ஆகவே, இரு மனிதர்கள்.

இந்தத் தொல்லை தமிழர்களுக்குச் சற்று அதிகம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவார்கள். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று நடுவில் எழுதும் வழக்கம் உண்டு. மலேசியாவில் அதுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று ஆகிறது. ஆனால், உலகின் பல படிவங்கள் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு, இரண்டையும் நிரப்பினால்தான் விடுவேன் என்று பிடிவாதம் செய்கின்றன. சிலர் தந்தை பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதுவார்கள். சிலர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். விமான நிலையத்தில் தம்மை அப்பாவின் பெயரால் அழைக்கும்போது திரும்பிப் பார்க்காமல் நிற்பவர்களைக் கண்டிருப்பீர்கள்.

எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. லட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'கே, எஸ், எச்' என்று போடுபவர்கள் உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழரிடையே 'டி, சி, எச்' என்று எழுதும் வழக்கமும் உண்டு. உச்சரிப்பைக் கேட்டு எழுதிய எழுத்தர்களின் காதுகளைப் பொறுத்து ஒரே குடும்பத்தில் அக்காவின் பெயரும் தங்கையின் பெயரும் வெவ்வேறு விதமாக முடிந்திருக்கும். ஒருவரே ஒரு படிவத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால், இரட்டைப் பதிவு பிறந்துவிடும்.

பெயர் பலவாக இருப்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர்கள் பசியாறிய தேக்காவையே பாருங்கள். அங்கிருந்த பழைய சந்தையைக் கண்டாங் கெர்பாவ் சந்தை என்றார்கள். மலாய்மொழியில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். அதையே சுருக்கிக் கேகே மார்க்கெட் என்றவர்களும் உண்டு. தேக்கா என்பது ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. மூங்கிலின் அடி என்று பொருள்படும். 1982-இல் இப்போதைய கட்டடம் வந்தபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் படித்து, சூஜியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். மக்கள் அதை ஏற்காமல் தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் தேக்கா என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பியது. இந்தப் பெயர்களையெல்லாம் தனித்தனிப் படிவங்களில் எழுதிக் கணினியிடம் கொடுத்தால், லிட்டில் இந்தியாவில் நான்கு சந்தைகள் இருப்பதாக அது நம்பிவிடும்.

அஞ்சல்காரர் நம்புவதில்லை. அவரிடம் 210665 என்ற எண் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் குறிக்கும். மீதி நான்கும் அந்த வட்டாரத்துக்குள் கட்டடத்தைக் காட்டும். தேக்கா நிலையத்தின் முகவரி பஃப்ளோ சாலை, புளோக் 665. குறியீட்டின் கடைசி மூன்று இலக்கங்களைக் கவனித்தீர்களா? வீவக புளோக்குகளில் வசிப்பவர்கள் தங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டையும் புளோக் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. இரண்டு கட்டடங்களுக்கு ஒரே எண்ணும் கிடையாது.

இந்த எண்ணம் தரவுத்தளங்களின் அடித்தளம். இங்கிலாந்தில் பிறந்து ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணினி அறிஞர், 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை விளக்கினார். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் மற்ற வரிசைகளிலிருந்து பிரித்துக்காட்டும் ஒன்று அதில் இருக்கவேண்டும் என்பது அம்முறையின் ஒரு முக்கியக் கூறு. அதை முதன்மைத் திறவுகோல் என்பர். ஒரே திறவுகோலுடன் இரண்டாவது வரிசை வந்தால், தரவுத்தளம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும்.

அப்படியானால், நம் பயணப் படிவத்துக்கு எதைத் திறவுகோலாக வைக்கலாம்? பெயர் ஆகாது என்று பார்த்துவிட்டோம். தொலைபேசி எண்? அண்ணன், தம்பி இருவரும் அம்மாவின் எண்ணைக் கொடுப்பார்கள். தம்பிக்கு இடம் கிடைக்காது. பிறந்த தேதி? இரட்டையர்களை விடுங்கள், நானூறு பேர் உள்ள ஒரு நிலையில் ஒரே நாளில் பிறந்தவர்கள் பலர் இருப்பார்கள். அடையாள அட்டை எண்?

அடையாள அட்டை எண் மிகக் கூர்மையான திறவுகோல்தான். அதன் கடைசியில் வரும் எழுத்து அலங்காரத்துக்காக வைத்ததன்று. எண்ணில் பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் காவலாளி அது. 1234567 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 106 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 7. 'எஸ்' என்று தொடங்கும் எண்களில் மீதி 7-க்கு உரிய எழுத்து 'டி'. இப்போது, அவசரத்தில் ஒருவர் 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றி 1243567 என்று தட்டிவிட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 107, மீதி 8, அதற்குரிய எழுத்து 'சி'. ஆனால், அவர் தட்டியதோ 'டி'. எண் தவறு என்பதைப் படிவம் அங்கேயே, எவரையும் கேட்காமலேயே கண்டுபிடித்துவிடும். தவறான எண்ணில் ஒரு புதிய மனிதர் உருவாகிவிடாமல் இருப்பதற்கு இந்த ஒற்றை எழுத்து உதவுகிறது. கணிதப் பாட வேளையில் செய்து பார்க்கத் தக்க கணக்கு இது. ஆனால், சொந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள்.

ஏனென்றால், கூர்மையான திறவுகோலைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. ஒருவருடைய பல பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்க உதவும் எண், தவறானவர் கைக்குப் போனாலும் அதே வேலையைத்தான் செய்யும். முன்பெல்லாம் கடைத்தொகுதியின் அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக்கூட அந்த எண்ணைக் கேட்பார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதலின்படி, சட்டம் வேண்டினாலோ, ஒருவர் யார் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது இன்றியமையாதது என்றாலோ தவிர, தனியார் அமைப்புகள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையே இல்லை. வகுப்பும் வகுப்புப் பதிவேட்டு எண்ணும் போதும். பள்ளிக்குள் அந்த இணை இருவருக்கு வராது. பள்ளிக்கு வெளியே அதனால் யாருக்கும் தீங்கும் இல்லை.

திறவுகோலைத் தேர்ந்தெடுப்பது, 'ஒன்று' என்று எதை எண்ணப்போகிறோம் என்று முடிவு செய்வதாகும். உங்கள் வீட்டுக்குக் கிடைத்த சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் அவை மின்னிலக்க வடிவில் வழங்கப்பட்டபோது, குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் வழியாகப் பெற்று, அதன் இணைப்பை மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அப்பா பெற்ற பிறகு அக்காவும் போய்ப் பெற முடியாது. அங்கே ஒரு பதிவு என்பது ஒரு மனிதர் இல்லை, ஒரு குடும்பம். பாட்டி தேக்காவில் கீரை வாங்கும்போது செலவழிப்பதும் அதே இணைப்பிலிருந்துதான்.

அரசாங்கம் இதே சிக்கலை நாடு முழுவதற்குமாகச் சந்தித்தது. சிங்பாஸ் 2003-இல் தொடங்கியது. அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய ஒரே கணக்கு என்பது அதன் நோக்கம். ஆனால், நுழைந்த பிறகு ஒவ்வொரு படிவத்திலும் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது. தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எழுத்துக்கூட்டலுக்கு வாய்ப்பு. 2016-இல் அறிமுகமான மைஇன்ஃபோ சேவை இதை மாற்றியது. நீங்கள் சம்மதம் தந்தால், அரசாங்கத்திடம் ஏற்கெனவே உள்ள விவரங்கள் படிவத்தில் தாமாகவே வந்து நிரம்பும். லட்சுமி எந்தப் படிவத்துக்குப் போனாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் லட்சுமியாகவே போவார். நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும்கூட 2009 முதல் ஒரே அடையாள எண் உண்டு.

இவ்வளவு இருந்தும் இரட்டைப் பதிவுகள் உருவாகத்தான் செய்கின்றன. உருவானவற்றை என்ன செய்வது? ஒன்றை அழித்துவிடலாமே என்று தோன்றும். மருத்துவப் பதிவுகளில் இது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பாட்டியின் பெயரில் இரு எழுத்துக்கூட்டல்களில் இரண்டு பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். பென்சிலின் அவருக்கு ஒவ்வாது என்பது பழைய பதிவில் இருக்கிறது. அண்மையில் தொடங்கிய புதிய பதிவில் அது இல்லை. மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட பாட்டிக்காக மருத்துவர் புதிய பதிவைத் திறந்தால், அந்த எச்சரிக்கை அவர் கண்ணில் படாது. பதிவு இரண்டாகப் பிரிந்ததால், அதிலிருந்த அறிவும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சிங்கப்பூரில் 2011-இல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு, வெவ்வேறு மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் உள்ள முக்கியக் குறிப்புகளை நோயாளிக்கு ஒன்றாகத் திரட்டும் நோக்கம் கொண்டது.

அதற்காக, ஒன்றுபோலத் தெரியும் பதிவுகளையெல்லாம் இணைத்துவிடவும் கூடாது. ஒரே பெயரும் ஒரே வயதும் கொண்ட இரண்டு லட்சுமிகள் உண்மையிலேயே இருக்கலாம். அவர்களுடைய பதிவுகளைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டால், ஒருவருடைய மருந்து இன்னொருவர் கைக்குப் போகும். இரட்டிப்பைவிட இது மோசமான பிழை என்பது என் கருத்து. இரண்டாக இருப்பதைப் பிறகு ஒன்றாக்கிவிடலாம். கலந்துவிட்ட பாலையும் தண்ணீரையும் யார் பிரிப்பது? ஆகவே, கணினி, "இவ்விருவரும் ஒருவராக இருக்கக்கூடும்" என்று பட்டியலிட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முகவரி, பிறந்த தேதி, பழைய குறிப்புகள் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பதை ஒரு மனிதரிடம் விட வேண்டும்.

இதுவரை, வேண்டாமலே வந்த நகல்களைப் பார்த்தோம். வேண்டி எடுக்கும் நகல் ஒன்றும் உண்டு. நம் தமிழ்மொழி மன்றத்துக்கே திரும்புவோம். அடுத்த ஆண்டும் அதே பயணம். போன ஆண்டின் படிவத்தைத் திறந்து, "நகல் எடு" என்ற பொத்தானைத் தட்டினால் புதிய படிவம் தயார். இருபது கேள்விகளை மீண்டும் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். செயலியை உருவாக்கியவர் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கேள்விகள் நகலாக வேண்டும். போன ஆண்டு மாணவர்கள் தந்த விடைகள் வரக்கூடாது. பேருந்தின் 40 இருக்கைகள் என்ற வரம்பு வரலாம். "இடங்கள் நிரம்பிவிட்டன" என்ற நிலை கூடவே வந்தால், திறக்கும்போதே படிவம் மூடியிருக்கும். பதிவு எண் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். அதையும் சேர்த்து நகலெடுத்தால், திறவுகோல் ஒன்றாகிவிட்டது என்று தரவுத்தளம் மறுத்துவிடும். சரியாக அமைக்காத செயலியாக இருந்தால், பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். போன ஆண்டின் பயணம் நடந்ததற்கான தடமே இல்லாமல் போய்விடும்.

தேதிதான் பெரிய கண்ணி. 2025 ஜனவரி 18 சனிக்கிழமை. நகலெடுத்தவர் ஆண்டை மட்டும் 2026 என்று மாற்றிவிட்டுப் போய்விட்டால், அந்த 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஆனால், "சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளி வாயிலில் கூடவும்" என்ற வாக்கியம் அப்படியே நிற்கும். மாணவர்களில் பாதிப் பேர் கிழமையைப் பார்த்து ஒரு நாள் முன்னதாக வந்து நிற்பார்கள். இதனால்தான் நன்கு அமைக்கப்பட்ட செயலிகள் நகலில் தேதிக்குரிய கட்டத்தைக் காலியாக விட்டு, நிரப்பும்வரை மேலே போக விடுவதில்லை. வேலை ஒன்று கூடுகிறதே என்று நமக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்திய மரபுடைமை நிலையத்தின் முகவரியும் திறந்திருக்கும் நேரமும் படிவத்தில் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஒவ்வொரு நகலிலும் எழுத்தாகவே வைத்தால், நேரம் மாறும்போது எல்லா நகல்களையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போகும். அவ்விவரங்களை 'இடங்கள்' என்ற தனி அட்டவணையில் ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, படிவங்கள் எல்லாம் அதைச் சுட்டும்படி அமைத்தால், ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆனால், இதற்கும் மறுபக்கம் இருக்கிறது. ஆசிரியரின் தொலைபேசி எண்ணை அப்படிச் சுட்டும்படி வைத்து, இந்த ஆண்டுப் பொறுப்பாசிரியரின் எண்ணை அங்கே மாற்றினால், போன ஆண்டுப் பயணத்துக்கும் அவரே பொறுப்பாக இருந்தது போலப் பழைய பதிவும் மாறிவிடும். எதை நகலெடுப்பது, எதைச் சுட்டுவது என்பதற்குக் கணினி விடை சொல்லாது. நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டியவை நகலாக வேண்டும். இன்றைய நிலையைக் காட்ட வேண்டியவை சுட்டப்பட வேண்டும்.

மன்றத்து மாணவர்கள் இந்த முறை படிவத்தில் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். வகுப்பையும் பதிவேட்டு எண்ணையும் திறவுகோலாக்கினார்கள். மீண்டும் பதிய முயல்பவருக்கு, "நீங்கள் ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள், திருத்த வேண்டுமா?" என்ற கேள்வி வரும்படி செய்தார்கள். படிவத்தின் அடியில், மன்றத்தினர் மட்டும் காணும்படி, சிறிய எழுத்தில் ஒரு வரியையும் சேர்த்தார்கள்: "2025 பயணப் படிவத்திலிருந்து நகலெடுக்கப்பட்டது. தேதி, கிழமை, பொறுப்பாசிரியர் சரிபார்க்கப்பட்டன." போன ஆண்டு இடம் கிடைக்காத ஆறு பேருக்கும் ஆசிரியர் அந்த இணைப்பை ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.